தண்ணீர்க் கிண்ணத்தில் கையை விடும் பூனை: திட்டாமல் தண்ணீர் குடிக்க வைப்பது எப்படி?

எங்கள் பூனை செம்பி கிண்ணத்தின் முன்னால் வந்து உட்காருவாள். குனிய மாட்டாள். வலது முன்னங்காலை மெதுவாக நீட்டித் தண்ணீரை ஒரு தட்டு தட்டுவாள். வளையம் வளையமாக அலை ஓடுவதை உற்றுப் பார்ப்பாள். பிறகு பாதத்தைத் தூக்கி, விரலிடுக்கில் தேங்கிய நீரை நக்குவாள். தரையெல்லாம் ஈரமாகிவிடும். புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் பலர் இதைச் சேட்டை என்று நினைத்து அதட்டுகிறார்கள். தயவுசெய்து அதட்டாதீர்கள். அது தண்ணீரைத் தேடுகிறது.

படி 1: இரண்டு நாள் சும்மா கவனியுங்கள்

தூரத்தில் அசையும் பல்லி பூனைக்கு நன்றாகத் தெரியும். ஓர் அடிக்குள் இருப்பதோ மங்கல்தான். பளபளக்கும் எவர்சில்வர் கிண்ணத்தில் தெளிந்த நீர் அசையாமல் நின்றால், அதன் மேல்மட்டம் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் பூனை குடிக்கிற விதத்துக்கு அந்த மேல்மட்டம்தான் முக்கியம். அது நாக்கால் தண்ணீரை அள்ளுவதில்லை. நாக்கு நுனியால் லேசாகத் தொட்டுச் சட்டென்று மேலே இழுக்கும். கூடவே மெல்லிய தூண் போல நீர் எழும்பும். அது விழுவதற்குள் வாயை மூடிக்கொள்ளும். நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை! ரோமன் ஸ்டாக்கர் என்ற விஞ்ஞானி 'குட்டா குட்டா' என்ற பெயருள்ள தன் பூனை தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வியந்து, நண்பர்களோடு அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2010-இல் இதை விளக்கினார்.

தாகமும் பூனைக்குக் குறைவு. வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கா, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனைகள். இரையின் உடம்பில் இருந்த ஈரமே அவற்றுக்குப் பெரும்பாலும் போதுமாக இருந்தது. அதே உடம்புதான் இன்று நம் வீட்டில் ட்ரை ஃபுட் (உலர் உணவு) தின்கிறது.

படி 2: கிண்ணத்தை மாற்றுங்கள்

அகலமான, ஆழமில்லாத பாத்திரம் எடுங்கள். தினமும் கழுவி, ஒரே அளவுக்கு நிரப்புங்கள். மட்டம் மாறாமல் இருந்தால் பூனைக்குப் பழகிவிடும். நாங்கள் சின்ன மண்சட்டிக்கு மாறினோம். நான்காம் நாளே செம்பி கையை விடாமல் நேராகக் குனிந்தாள்.

படி 3: இடத்தை மாற்றுங்கள்

சாப்பாட்டுத் தட்டுக்கும் லிட்டர் தொட்டிக்கும் (பூனை மலம், சிறுநீர் கழிக்கும் தொட்டி) பக்கத்தில் வேண்டாம். சுவர் மூலையும் வேண்டாம். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் குடிக்கப் பூனைக்குப் பிடிக்காது. இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

படி 4: குழாயைத் தேடினால் விட்டுக்கொடுங்கள்

ஓடும் நீர் மின்னுகிறது, சத்தம் போடுகிறது. அதனால் சுலபமாகக் கண்ணில் படும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் குழாயை நூல் போலத் திறந்துவிட்டு, கீழே பாத்திரம் வையுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்கு ஆகும். குளியலறை வாளியை மட்டும் எப்போதும் மூடி வையுங்கள். குட்டி உள்ளே விழுந்தால் வழுக்கும் சுவரில் ஏறி வர முடியாது.

படி 5: அளந்து பாருங்கள்

இதைத்தான் பலர் செய்வதில்லை. 4 கிலோ பூனைக்கு, உணவில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் 200 மில்லி வேண்டும். காலையில் 250 மில்லி அளந்து ஊற்றுங்கள். அதே மாதிரி இன்னொரு பாத்திரத்தில் அதே அளவு ஊற்றி, பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மறுநாள் காலை இரண்டையும் அளந்தால், ஆவியானது எவ்வளவு, குடித்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அன்றைக்கு மற்றக் கிண்ணங்களை எடுத்துவிடுங்கள்.

குறைவாக இருந்தால் உணவில் கை வையுங்கள். ட்ரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீத அளவுதான். வெட் ஃபுட்டில் (ஈர உணவு) முக்கால் பங்குக்கு மேல். மீன் வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து இரண்டு ஸ்பூன் கலக்கலாம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காத தண்ணீராக இருக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. தண்ணீருக்குப் பதிலாகப் பால் வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கில் முடியும்.

படி 6: லிட்டர் தொட்டியையும் பாருங்கள்

வயதான பூனை திடீரென்று அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். படி 5-இல் எழுதி வைத்த கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண் பூனை அடிக்கடி தொட்டியில் உட்கார்ந்து முக்கி, கத்தி, சொட்டுச் சிறுநீர்கூட வராமல் எழுந்தால் அது அவசரம். அடைப்பு இருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம், காலையில் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் கூடையில் வைத்துக் கிளம்பிவிடுங்கள்.