புதிய தடுப்பூசி ஏழை நாடுகளைச் சென்றடைவதைப் பதிவு செய்வது எப்படி?

குறைந்த வருவாய் நாடு ஒன்றில் புதிய தடுப்பூசி எப்போது அறிமுகமானது என்ற கேள்விக்கு ஒரே தேதியில் விடை சொல்ல முடியாது. நிதி ஒப்புதல் கிடைத்த நாள், மருந்து வந்திறங்கிய நாள், முதல் குழந்தைக்கு ஊசி போட்ட நாள், நாடு முழுவதும் பரவிய நாள் ஆகியவை ஒன்றுக்கொன்று மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் விலகி நிற்கும். மலேரியா தடுப்பூசியை வைத்தே இதைப் பழகலாம்.

படி 1: எக்செல் தாளில் ஒரு நாட்டுக்கும் ஒரு தடுப்பூசிக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள். ‘மலேரியா’ என்று பொதுவாக எழுதாமல், உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியா, 2023 அக்டோபரில் பரிந்துரைத்த ஆர்21 தடுப்பூசியா என்பதைக் குறியுங்கள்.

படி 2: மேலே சொன்ன ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பத்தி (column) வையுங்கள். கேமரூனுக்கு 3,31,200 தவணை ஆர்டிஎஸ்,எஸ் மருந்து 2023 நவம்பர் 21 அன்று வந்து சேர்ந்தது. ஊசி போடும் பணி 2024 ஜனவரி 22 அன்றுதான் தொடங்கியது. மருந்து வந்த செய்தியைப் பார்த்தவுடன் ‘அறிமுகமாகிவிட்டது’ என்று எழுதினால் ஆண்டே மாறிவிடும். கானா, கென்யா, மலாவி ஆகிய நாடுகளில் 2019-லேயே இத்தடுப்பூசி போடப்பட்டாலும், அது தேர்ந்தெடுத்த பகுதிகளில் மட்டும் நடந்த முன்னோட்டத் திட்டம் என்பதால், முன்னோட்டமா வழக்கமான திட்டமா என்று காட்டவும் ஒரு பத்தி தேவை.

படி 3: பரப்பைக் குறியுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். இந்தியாவில், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பூசி 2016-இல் ஆந்திரம், ஒடிசா, ஹரியானா, இமாச்சலப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017-இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 2019-இல்தான் நாடு முழுவதும் விரிந்தது. ‘இந்தியா, 2016’ என்று மட்டும் எழுதினால் காத்திருந்த மாநிலங்களின் குழந்தைகள் நம் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

படி 4: உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசித் தரவுத்தளம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசித் தகவல் தளமான வியூ-ஹப், ஏழை நாடுகளின் தடுப்பூசிகளுக்கு நிதி தரும் காவி அமைப்பின் அறிவிப்புகள், அந்தந்த நாட்டுச் சுகாதார அமைச்சகம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். நிதி ஒப்புதலுக்குக் காவியும், தொடங்கிய நாளுக்கு அமைச்சகமும் நல்ல ஆதாரங்கள் என்பது என் கருத்து. தேதிகள் முரண்பட்டால் இரண்டையும், பார்த்த நாளோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

படி 5: எத்தனை விழுக்காடு குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆண்டுதோறும் ஜூலையில் வெளியிடும் மதிப்பீட்டிலிருந்து எடுங்கள். பழைய ஆண்டுகளின் எண்களும் அப்போது திருத்தப்படுவதால், எந்த ஆண்டு வெளியீடு என்பதையும் எழுதுங்கள். மலேரியா தடுப்பூசிக்கு நான்கு தவணைகள் உண்டு. கடைசித் தவணை பல நாடுகளில் ஒன்றரை வயதுக்குப் பிறகே வருவதால், வேறு ஊசிக்காகக் குழந்தையைத் தூக்கிவரும் வாய்ப்பு குறைந்து, பலருக்கு அது தவறிவிடுகிறது. ஆகவே முதல் தவணையையும் நான்காம் தவணையையும் தனித்தனியே பதியுங்கள். திட்டம் தொடங்கிய முதல் ஆண்டில் நான்காம் தவணைக் கட்டத்தில் சுழியம் இடாதீர்கள். ‘இன்னும் வயது வரவில்லை’ என்று எழுதுங்கள்.