லாஜிக் இல்லை என்று சொல்வதற்கு முன்

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படமோ சூப்பர்ஹீரோ படமோ முடிந்து வெளியே வந்தால், பைக் ஸ்டாண்டிலேயே தீர்ப்பு வந்துவிடும்: "லாஜிக்கே இல்ல மாப்ள." மதுரையில் இந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஹீரோவின் ஒரே அடியில் டாடா சுமோ புரண்டால் விசில் அடிக்கிற அதே ஆள்தான், ஒருவன் சுவரில் பல்லி மாதிரி ஏறினால் நியூட்டனைக் கூப்பிடுகிறார்.

இந்த மாதிரிப் படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவர்கள் செய்யும் முதல் தவறே இங்கேதான் இருக்கிறது. 'இது நிஜத்தில் நடக்குமா' என்று கேட்டால் பாதிப் படங்கள் முதல் ரீலிலேயே காலி. படம் தானே போட்ட விதியைக் கடைசி வரை காப்பாற்றுகிறதா என்று கேளுங்கள். அப்போதுதான் நல்ல படமும் சொதப்பல் படமும் பிரிந்து தெரியும்.

இதற்கு ஹாலிவுட் வரை போக வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் சிவகாசியில் 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் கதையே இரும்புக்கை மாயாவிதான். பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவர். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நடக்கிற காரியமா? பிளக்கில் விரலை விட்டால் என்ன ஆகும் என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் அந்த விதியில் இருக்கும் கட்டுப்பாட்டைப் பாருங்கள். மறைவதற்குக் கரண்ட் வேண்டும். மறைந்த பிறகும் கை காட்டிக்கொடுத்துவிடும். நேரம் ஆக ஆக மின்சாரத்தின் வேகம் குறைந்து உருவம் திரும்பிவிடும். எதிரியின் கூடாரத்துக்குள் அவர் நுழைந்ததும் நாமே பதறிப்போய் பக்கத்தில் எங்கேயாவது ஸ்விட்ச் போர்டு இருக்கிறதா என்று படத்தில் தேட ஆரம்பித்துவிடுவோம். கதையின் விறுவிறுப்பு முழுக்க அந்தக் கட்டுப்பாட்டில்தான்.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) செய்ததும் இதையேதான். கருந்துளைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிரகத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பூமியில் ஏழு வருஷம் ஓடிவிடும் என்று முன்னாடியே சொல்லிவிடுகிறார்கள். அங்கே சிக்கித் தாமதமாகித் திரும்பினால் 23 வருஷம் போய்விட்டது. பிள்ளைகள் வளர்ந்து ஆளான வீடியோக்களை அப்பா வரிசையாகப் பார்க்கிற காட்சி வலிப்பதற்குக் காரணம், விதியில் படம் நமக்குச் சலுகை காட்டாததுதான். இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்ன் 2017-ல் ஈர்ப்பலை ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கினார். அவரே உட்கார்ந்து சமன்பாடு கொடுத்த படத்தையும் நம்மாள் பைக் ஸ்டாண்டில் முடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். புத்தக அலமாரிக்குப் பின்னால் நடக்கும் கிளைமாக்ஸ் பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் கருந்துளைக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லையே, அங்கே கதாசிரியருக்குக் கொஞ்சம் இடம் விடலாம்.

சரி, உண்மையிலேயே லாஜிக் இடிக்கிற இடம் எப்படி இருக்கும்? 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' (2019). கடந்த காலத்தில் எதை மாற்றினாலும் நம் நிகழ்காலம் மாறாது, வேறொரு காலக்கிளைதான் உருவாகும் என்று படமே பாடம் எடுக்கிறது. கடைசியில் கேப்டன் அமெரிக்கா பழைய காலத்திலேயே தங்கி வாழ்ந்துவிட்டு, கிழவராக இங்கே பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கிளையில் வாழ்ந்தார், எப்படி இந்தப் பக்கம் வந்தார்? இயக்குநர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள், திரைக்கதை எழுதியவர்கள் வேறு விளக்கம் சொன்னார்கள். மனிதன் எறும்பு அளவுக்குச் சுருங்கியதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள், சண்டைக்கு நானும் வருகிறேன்.

அவ்வளவு செலவு செய்யாத 'இன்று நேற்று நாளை' (2015) இந்த விஷயத்தில் கெட்டி. டைம் மெஷினில் போனவர்கள் செய்த குளறுபடியால் செத்துப்போக வேண்டிய ரவுடி பிழைத்து, நிகழ்காலத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கிறான். 'மாநாடு' (2021) இன்னொரு படி மேலே போய், திரும்பத் திரும்ப வரும் ஒரே நாளின் நினைவை வில்லனுக்கும் கொடுத்தது. ஹீரோவுக்குக் கிடைத்த வசதி எதிராளிக்கும் கிடைத்தவுடன் ஆட்டம் சூடுபிடித்துவிட்டது. 'தமிழில் இதெல்லாம் சரிப்பட்டு வராது' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தகவல்: வேற்றுக்கிரகவாசிகள் வந்து கதாநாயகியைத் தூக்கிப்போகும் 'கலை அரசி' எம்.ஜி.ஆர். நடித்து 1963-லேயே வந்துவிட்டது.

அடுத்து, 'யார் மோதினால் யார் ஜெயிப்பார்' என்று பலத்தை வைத்து ஹீரோவை எடை போடுவது. 1938-ல் முதன்முதலாக வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது. சுமார் 200 மீட்டர் தாவுவார், அவ்வளவுதான். பறப்பது பிறகு வந்தது. 1943-ல் வானொலித் தொடரில் அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் என்ற கல் வந்தது. எதற்கும் அசையாத ஆளை வைத்து எத்தனை கதைதான் பண்ண முடியும்? பேட்மேனிடம் சக்தி எதுவும் இல்லை. அதனால்தான் அவர் அடி வாங்கும்போது நமக்கு வலிக்கிறது. அப்புறம், சூப்பர்மேனும் பேட்மேனும் டி.சி. கம்பெனி ஆட்கள், ஸ்பைடர்மேனும் அயர்ன்மேனும் போட்டிக் கம்பெனியான மார்வெல். மதுரை விளக்குத்தூண் கடைகளில் நாலு பேரையும் ஒரே டிஷர்ட்டில் அச்சடித்து விற்கலாம், படத்தில் தேடாதீர்கள். தமிழில் லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் இன்னொரு ஆள். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.

மார்வெல் படங்களைக் கதை நடக்கும் வருஷப்படி அடுக்கிப் பார்க்கச் சொல்லும் பட்டியல்களை நம்ப வேண்டாம். வெளியான வரிசைதான் நல்லது, 2008 'அயர்ன்மேன்' முதல். 'கேப்டன் மார்வெல்' 1995-ல் நடக்கும் கதை, ஆனால் வந்தது 2019-ல். முந்தின வருஷம் வந்த 'அவெஞ்சர்ஸ் இன்ஃபினிட்டி வார்' படத்தின் கடைசியில் அவரைக் கூப்பிடக் காட்டிய பேஜரைப் பார்த்தவருக்குத்தான் அதன் ருசி தெரியும். அந்தப் பேஜர் காட்சியும் பெயர்கள் ஓடி முடிந்த பிறகுதான் வரும். நம் தியேட்டர்களில் பெயர் ஓட ஆரம்பித்ததும் எக்ஸிட் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஸ்டாண்டில் முதல் ஆளாக வண்டி எடுக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. ஐந்து நிமிடம் உட்காருங்கள், வண்டி எங்கேயும் போகாது.

கடைசியாக, கொஞ்சம் சீரியஸான ஒரு தவறு. படம் போட்ட விதி அந்தப் படத்துக்குள் மட்டும்தான் செல்லும். அதைத் தியேட்டருக்கு வெளியே எடுத்து வந்துவிடுகிறோம். '2012' என்ற படத்தில் (2009) சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் (எதையும் ஊடுருவிப் போகும் மிக நுண்ணிய துகள்கள்) குணம் மாறிப் பூமியின் நடுப்பகுதியைக் கொதிக்க வைக்கும். முன்பு மதுரை மாவட்டத்தோடு இருந்த தேனியில், பொட்டிப்புரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டம் வந்தபோது, இந்தப் படத்தையே சாட்சியாக வைத்துப் பேசியவர்களை டீக்கடையில் கேட்டிருக்கிறேன். மலை என்ன ஆகும், காடு என்ன ஆகும், தண்ணீர் எங்கே போகும் என்று ஊர்க்காரர்கள் கேட்டது நியாயமான கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நியூட்ரினோவே ஆபத்து என்பது சினிமாக் கதை. சூரியனிலிருந்து வருபவை மட்டும் நம் கட்டைவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு வினாடியும் ஆறாயிரம் கோடிக்கு மேல் போய்க்கொண்டிருக்கின்றன. ராத்திரியில் பூமியைத் துளைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலிருந்து வரும். ஆய்வகம் கட்ட நினைத்தது நியூட்ரினோக்களைத் தயாரிக்க அல்ல, தானாக வருகிறவற்றில் ஒன்றிரண்டையாவது பிடிக்க. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். கோலார் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.