இறக்கைக் குறை: சில்கிக் குஞ்சைக் கழிக்கும் முன்

சில்கி என்பது பஞ்சு போன்ற இறகுள்ள அலங்காரக் கோழி இனம். அதன் எட்டு வாரக் குஞ்சின் இறக்கையை விரித்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரிவது மிகச் சாதாரணம். கண்காட்சிக்காகக் கோழி வளர்க்கத் தொடங்கியவர்களில் பலர் அதைப் பார்த்தவுடன் "ஸ்ப்ளிட் விங்" (பிளவு இறக்கை) என்ற குறை என முடிவு கட்டி, நல்ல குஞ்சைக் கழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் நேரெதிர். ஆறு மாதமாகியும் இடைவெளி மூடாத கோழியை "இறகு மாறினால் சரியாகிவிடும்" என்று கூண்டில் வைத்துத் தீனி போட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த இறகு எப்போது உதிரும் என்ற வரிசை இரு தரப்புக்கும் தெரிவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விரித்த இறக்கையின் வெளிப்பக்கத்தில் 10 முதன்மை இறகுகள் இருக்கும். உடலை ஒட்டிய பக்கத்தில் இருப்பவை இரண்டாம் நிலை இறகுகள். இரண்டு தொகுதிக்கும் நடுவே, மற்றவற்றைவிடக் குட்டையாக ஒற்றை இறகு ஒன்று நிற்கும். நடு இறகு என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இந்த நடு இறகு முளைக்காமல் அங்கே நிரந்தர இடைவெளி விழுவதைத்தான் ஸ்ப்ளிட் விங் என்கிறார்கள். அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கத்தின் தர விதிகளில் இது தகுதி நீக்கத்துக்குரிய குறை. மதிப்பெண்ணைக் குறைப்பதோடு விட மாட்டார்கள், கோழியையே போட்டியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் இந்தப் பயம்.

இப்போது உதிர்ப்பு வரிசைக்கு வருவோம். குஞ்சுப் பருவத்து முதன்மை இறகுகள் உதிரத் தொடங்குவது ஏறக்குறைய 6 வாரத்தில். முதலில் விழுவது நடு இறகை ஒட்டிய, உள்ளோரத்து முதல் இறகு. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று உள்ளிருந்து வெளியே நகரும். ஒன்று விழ, ஒன்று முளைக்க, இப்படியே ஐந்தாறு மாத வயது வரை போகும். ஆக, உதிர்ப்பால் வரும் முதல் இடைவெளி சரியாக ஸ்ப்ளிட் விங் தெரியும் இடத்திலேயே விழுகிறது. அனுபவசாலிகளே இதில் தடுமாறுவதுண்டு. சில்கி மெதுவாக முதிரும் இனம் என்பதால் இந்த வாரக் கணக்கும் முன்பின்னாக இருக்கும். ஆனால் வரிசை மாறாது.

ஆகவே 7 வாரம் முதல் 10 வாரம் வரையுள்ள குஞ்சில் இடைவெளியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவுங்கள். சில்கியின் தோல் கறுப்பு. முளைவிடும் இறகுக் குருத்தின் உறையும் கருநீலமாக இருக்கும். கண்ணுக்கு அது எளிதில் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது. குச்சி நுனி போல ஏதாவது தட்டுப்பட்டால் இறகு வந்துகொண்டிருக்கிறது. ஒன்றும் தட்டுப்படாவிட்டாலும் உடனே கழிக்க வேண்டாம், அப்போதுதான் பழைய இறகு விழுந்திருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இடைவெளி ஓர் இறகு தள்ளி வெளிப்பக்கம் நகர்ந்திருந்தால் அது உதிர்ப்பு. நடு இறகின் இடத்திலேயே அசையாமல் நின்றால் சந்தேகிக்க வேண்டியதுதான். உதிர்ப்பு தொடங்குவதற்கு முன்பே, நான்கைந்து வாரத்தில் ஒருமுறை விரித்துப் படமெடுத்து வைத்திருந்தால் இந்த ஒப்பீடு இன்னும் எளிது. மூளையில் குறித்துவைப்பதை நம்ப வேண்டாம். பத்துக் குஞ்சு சேர்ந்தால் எது எது என்று குழம்பிப்போகும். காலில் வளையம் போட்டு, இரண்டு இறக்கையையும் தனித்தனியாகப் படமெடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விடுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. குறை ஒரே இறக்கையில் இருப்பதுண்டு. அப்படி இருந்தால் "அடிபட்டிருக்கும், பரம்பரை இல்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் சரியில்லை. அடிபட்டதற்குத் தழும்போ கோணலோ தெரியாதபோது, பரம்பரைக் குறை என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அடுத்தது மடிப்பு. இறக்கையை மூடும்போது முதன்மை இறகுகள் இரண்டாம் நிலை இறகுகளுக்கு அடியில் போய் ஒளிய வேண்டும். அவை வெளியே நழுவி மேலே நின்றாலோ கீழே தொங்கினாலோ அது ஸ்லிப்டு விங். குஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டே இதைத் தீர்மானிப்பது வீண் வேலை. பிடித்த கோழி இறக்கையை இறுக்கிக்கொள்ளும் அல்லது தளர்த்திவிடும். இரண்டுமே அதன் இயல்பு நிலை இல்லை. தரையில் விட்டு, அது தீனி பொறுக்கும்போது தள்ளி நின்று பாருங்கள். இறக்கையை உதறி மடித்த அடுத்த கணம் எல்லா இறகும் தன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி. எப்போதோ ஒருமுறை ஓர் இறகு வெளியே நிற்பது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு முறையும் அதே இறகுகள், அதே பக்கம் நழுவினால் குறித்துக்கொள்ளுங்கள்.

இதிலும் வயது ஏமாற்றும். வளரும் இறகின் தண்டில் இரத்தம் ஓடுவதால் அது கனமாக இருக்கும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குருத்துகள் வளரும் குஞ்சின் இறக்கை கொஞ்சம் தொங்குவது இயல்பு. தண்டு காய்ந்ததும் பல குஞ்சுகளில் அது மேலே ஏறிவிடும். தண்டு காய்ந்து, உறை உதிர்ந்த பின்னும் தொங்கினால்தான் அது குறை. இறக்கையின் மணிக்கட்டு மூட்டிலேயே திருகி இறகுகள் உடம்பைவிட்டு வெளியே நீட்டி நிற்பது வேறு சங்கதி. ஒவ்வோர் இறகும் தன் தண்டிலேயே முறுக்கிக்கொண்டு வளர்வது அதனினும் வேறு. அமெரிக்க விதிகளில் முறுக்கிய இறகும் தகுதி நீக்கம்தான்.

இரண்டு இறக்கையும் தொங்க, கண் மூடி, இறகு சிலிர்த்து நிற்கும் குஞ்சில் குறை தேடாதீர்கள். அது நோய். இரத்தக் கழிச்சலாக இருக்கலாம், வெப்பமாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் இறக்கை சரிந்து, கூடவே காலும் தடுமாறினால் மாரெக்ஸ் என்ற, நரம்பைத் தாக்கும் வைரஸ் நோயை நினைக்க வேண்டும். சில்கி அதற்கு எளிதில் ஆளாகும் இனம். கண்காட்சி யோசனை பிறகு, முதலில் மருத்துவர்.

புதியவர்களுக்குச் சில்கியில் மட்டும் வரும் குழப்பம் ஒன்று உண்டு. மற்றக் கோழிகளின் இறகில் நுண்ணிய கொக்கிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தகடு போல நிற்கும். சில்கியில் அந்தக் கொக்கிகள் வேலை செய்வதில்லை. அதனால்தான் இறகு பஞ்சு போல இருக்கிறது. பிரிட்டிஷ் தர விதி, இறக்கை நுனிகள் கிழிந்த மாதிரி, இழைகள் தளர்ந்து கீழே தொங்க வேண்டும் என்றே கேட்கிறது. இதை அறியாதவர் நூல் நூலாகப் பிரிந்த நுனியைக் கொத்திய இறகு என்று நினைத்துக் கழிக்கிறார். நாட்டுக் கோழி போலத் தகடாக, மழமழப்பாக இருக்கும் இறக்கையை அழகு என்று வைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்தத் தகடுதான் குறை. ஒன்று மட்டும் கவனம்: குஞ்சின் முதல் இறகு முதிர்ந்த இறகைவிடக் கொஞ்சம் கடினமாகத் தெரிவதுண்டு. மென்மையை எடைபோட இரண்டாவது இறகு வரும்வரை காத்திருங்கள்.

இறகு இழைகள் குழம்பிக் கிடப்பதால் மேற்பக்கத்தில் தண்டுகளை எண்ணுவது சிரமம். அடிப்பக்கத்தைத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து எண்ணுங்கள். குஞ்சின் உடம்பை உள்ளங்கையில் தாங்கி, மணிக்கட்டுப் பக்கம் பிடித்து மெல்ல விரிக்க வேண்டும். நுனி இறகைப் பிடித்து இழுப்பது இருக்கவே கூடாது. குருத்து உடைந்தால் இரத்தம் கொட்டும். அந்த வளர்ச்சியும் கெடும்.

உடைந்த இறகையும் இல்லாத இறகையும் ஒன்றாகக் கணக்கிடுபவர்கள் இருக்கிறார்கள். வேரோடு பிடுங்கப்பட்ட இறகு சில வாரத்தில் மறுபடி முளைக்கத் தொடங்கும். பாதியில் முறிந்தது அடுத்த உதிர்ப்பு வரை அப்படியே நிற்கும். கூட்ட நெரிசலில் ஒன்றையொன்று கொத்தும் குஞ்சுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அடித்தண்டைப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்துவிடும்.

நிறத்திலும் அவசரம் வேண்டாம். கறுப்புச் சில்கிக் குஞ்சின் முதல் இறகுகளில் வெள்ளை நுனி சாதாரணம், புதிய இறகு கறுப்பாக வரும். ஆனால் வெளியோரத்து 9, 10ஆவது முதன்மை இறகுகள் முதல் வருடம் பெரும்பாலும் விழுவதில்லை. அங்கே பழைய வெள்ளை தங்கியிருந்தால் அதை நிறக்குறையாக எண்ண வேண்டாம். இளஞ்சேவலில் கதை தலைகீழ். நான்கு மாதத்தில் தோள் சுத்தமாக இருந்து, முதிரும்போது செம்மையோ வெளிறிய நிறமோ கசியலாம். சேவலைப் பொறுத்தவரை கடைசித் தீர்ப்பைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நழுவும் இறக்கையை நாடாவால் கட்டிவைப்பது பலர் கையாளும் முறை. சின்னஞ்சிறு குஞ்சில் மூட்டுத் திருகலைச் சரிசெய்யச் சில நாள் கட்டுவதில் தவறில்லை, குஞ்சுக்கு அது நிம்மதிதான். அப்படி நேராக்கிய கோழியைப் போட்டிக்குக் கொண்டுபோவதும், அதைவிட மோசமாக, இனப்பெருக்கத்துக்கு விடுவதும்தான் தவறு. பார்வைக்கு இறக்கை நேராகிவிட்டது. முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் பரம்பரைக் குறை அப்படியேதான் போகும்.

ஒரே ஜோடியின் குஞ்சுகளில் இரண்டு மூன்றுக்கு அதே இடத்தில் இடைவெளி வந்தால் குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெற்றோரின் இறக்கைகளை விரியுங்கள். இரண்டுமே குறையில்லாமல் இருந்தும் பிள்ளைகளில் குறை வெளிப்படலாம். அப்போது குஞ்சுகளைக் கழித்தால் போதாது, அந்த ஜோடியையே பிரித்துவிட வேண்டும்.