சங்காம்: கோலத்தை மண்ணுக்குள் பதிப்பது

12ஆம் நூற்றாண்டில் கொரியாவின் கோர்யோ அரசுக் காலக் குயவர்கள் பச்சைக் கிளேஸுக்கு (பானைமேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) அடியில் நாரைகளையும் மேகங்களையும் பதித்த முறைதான் சங்காம். பானையில் கோடுகளைச் செதுக்கி, வேறு நிற மண்ணால் நிரப்பி, மிஞ்சியதைச் சுரண்டி எடுப்பது. இன்றைய கொரியக் கலைஞர்களும் இதை விடவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டுப் பட்டறையிலும் செய்யலாம். நாரைக்குப் பதில் பொங்கல் கோலம் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

பானை மண்ணின் பதம்தான் எல்லாம். கட்டைவிரலை அழுத்தினால் அமுங்கக் கூடாது, நகம் மட்டும் பதிய வேண்டும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் அதற்கு இரண்டு நாள்கூட ஆகும். ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் பிளாஸ்டிக் போட்டு மூடாவிட்டால் ஒரே மத்தியானத்தில் பதம் தவறிவிடும்.

கோடுகளை 2 மி.மீ. ஆழத்துக்குச் செதுக்குங்கள். ஆழம் குறைந்தால் சுரண்டும்போது கோலமே போய்விடும். வெள்ளை மண்ணைக் கெட்டித் தயிர் போலக் கரைத்து, மூன்று தடவையாக அப்புங்கள், கடைசியில் கோட்டுக்கு மேல் சற்றுப் புடைத்து நிற்கட்டும். ஒரே தடவையில் நிரப்பினால் காயக் காயக் குழி விழும். பானை மண்ணைவிட வெள்ளை மண் அதிகம் சுருங்கினால் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடும். பானை அதற்குள் காய்ந்திருந்தால் பொருக்குத் தட்டி உதிர்ந்தேவிடும்.

மறுநாள் இரும்புத் தகட்டால் சுரண்டுங்கள். வெள்ளை இழுபட்டுப் பரவினால் இன்னும் ஈரம், நிறுத்துங்கள்.

சூளையில் முதல் சூடு 950 டிகிரி செல்சியஸ். பிறகு கிளேஸ், மெல்லிசாக. மின்சூளையில் செலடான் என்னும் அந்தக் கோர்யோ கிளேஸின் பச்சை வராது, மஞ்சள்தான் தட்டும். இரும்புச் சத்து பச்சையாக மாற ஆக்சிஜன் குறைந்த எரிவாயு அல்லது விறகுத் தீ வேண்டும். மின்சூளைதான் என்றால், மின்வெட்டு வருமா என்று பார்த்துவிட்டு அடுக்குங்கள்.