ஃபேண்டஸி ஃபுட்பாலில் நான் தோற்ற விதங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 11.30-க்கு என் கைப்பேசியில் அலாரம் அடிக்கும். நியூஜெர்சி நேரப்படி பகல் ஒரு மணிக்குத்தான் ஆட்டங்கள் தொடங்கும். ஆனால் தொடங்குவதற்கு 90 நிமிடங்களுக்கு முன், அன்று களமிறங்காத வீரர்களின் பட்டியலை ஒவ்வொரு அணியும் கொடுத்தாக வேண்டும் என்பது அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் நடைமுறை. அதைப் பார்த்து என் அணியைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத் தூக்கத்திலும் காய்கறிக் கடையிலும் விட்டுவிட்டு நான் தோற்ற வாரங்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதாது.

எங்கள் அலுவலக லீகில் பன்னிரண்டு பேர். முதல் வருடம் நான் கடைசி இடம். ஜெயித்தவர் சம்பளப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மா. இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடித்துவிடுவது) என்றால் என்ன என்று அக்டோபர் மாதம் அவர் என்னிடம்தான் கேட்டார். நானோ அதற்குள் நூறு ஆட்டமாவது பார்த்து முடித்திருந்தேன். அவர் ஒவ்வொரு செவ்வாயும் ஞாயிறும் தன் அணியைத் திறந்து பார்ப்பார், நான் பார்க்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: என்.எஃப்.எல். அணிகளின் நிஜ வீரர்களை நாம் முறைபோட்டுப் பிரித்து எடுத்துக்கொள்கிறோம், அதற்குப் பெயர் டிராஃப்ட். அவர்கள் ஓடும் யார்டுகளுக்கும் பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிப் போடும் டச் டவுன்களுக்கும் நமக்குப் புள்ளி. வாரம் ஒரு எதிராளி. 1962-ல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக்கும் சில நண்பர்களும் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து இதற்கு விதி எழுதினார்கள். அன்று பென்சில் கணக்கு, இன்று செயலி. தவறுகள் மட்டும் அப்போதிருந்து பெரிதாக மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

டிராஃப்ட் அன்று

கிரிக்கெட் ஃபேண்டஸி ஆடிப் பழகியவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். அங்கே ஆட்டத்துக்கு ஆட்டம் புது அணி. ஒரே நட்சத்திரத்தை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு வீரர் ஒருவருக்குத்தான், அதுவும் சீசன் முழுக்க. ஆகவே "யார் சிறந்தவர்" என்ற கேள்வியைவிட, "என் அடுத்த முறை வரும்போது யார் மிச்சமிருப்பார்" என்ற கேள்விதான் முக்கியம். பெரும்பாலான லீகுகளில் டிராஃப்ட் பாம்புபோல் வளைந்து திரும்பும்: முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலில் எடுப்பார். பன்னிரண்டு பேர் லீகில் உங்களுக்கு முதல் இடம் விழுந்தால், அடுத்து உங்கள் முறை 24-ஆவதாக வரும். இடையில் 22 பேர் போய்விடுவார்கள். முதல் இடம் கிடைத்ததே என்று துள்ளுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

முதல் வருடம் நான் முதல் சுற்றிலேயே குவாட்டர்பேக்கை எடுத்தேன். பந்தை வீசுகிறவர், தொலைக்காட்சியில் எப்போதும் தெரிகிற முகம், எல்லாம் அவர் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு. நிஜ ஆட்டத்தில் அது உண்மை. ஃபேண்டஸியில் கணக்கு வேறு. பன்னிரண்டு பேர் லீகில் வாரத்துக்குப் பன்னிரண்டு குவாட்டர்பேக்தான் தேவை. ஆடுகிற அணிகளோ 32. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் ஆளுக்கு இரண்டு என்றால் 24 பேர் தேவை, ஃப்ளெக்ஸ் என்ற பொது இடத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். உறுதியாகப் பந்து கிடைக்கும் ரன்னிங் பேக்குகள் அத்தனை பேர் கிடையாது. தட்டுப்பாடு இருக்கும் சரக்கை முதலில் வாங்க வேண்டும், மலிந்து கிடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு குவாட்டர்பேக்கை ஆடவிடும் லீகாக இருந்தால் மட்டும் இந்த அறிவுரையைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

குவாட்டர்பேக்குகளிலும் ஓடுகிறவரா, நின்று வீசுகிறவரா என்று பார்க்காமல் எடுப்பது இன்னொரு தவறு. வழக்கமான விதியில் வீசிய 25 யார்டுக்கு ஒரு புள்ளி. ஓடிய 10 யார்டுக்கே ஒரு புள்ளி. 2019-ல் லாமார் ஜாக்சன் 1,206 யார்டு ஓடினார். வீசியதற்கெல்லாம் மேலே, ஓடிய யார்டுகளுக்கு மட்டும் 120 புள்ளி. அந்த வருட டிராஃப்டில் அவரைப் பின்சுற்றுகளில் எடுத்தவர்கள் பாக்கியசாலிகள்.

புள்ளி விதியையே படிக்காமல் டிராஃப்டுக்கு வருகிறவர்களும் உண்டு. பி.பி.ஆர். என்ற முறையில், பிடித்த ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி கூடுதல். எட்டுப் பந்து பிடித்து 60 யார்டு சேர்த்தவருக்குப் பழைய முறையில் 6 புள்ளி, பி.பி.ஆரில் 14. பந்தே பிடிக்காமல் 90 யார்டு ஓடியவருக்கு இரண்டிலும் 9-தான். விதி மாறினால் ஆளின் விலையே மாறுகிறது. லீக் அமைப்புப் பக்கத்தைப் படிக்க இரண்டு நிமிடம்.

பந்தை உதைக்கும் கிக்கரையும், தடுப்பாட்ட அணியான டிஃபென்ஸையும் கடைசி இரண்டு சுற்றில் எடுங்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சொந்த ஊர்ப் பாசம் பற்றி ஒரு வார்த்தை. டல்லாஸிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர் அந்த ஊர் அணியான கவ்பாய்ஸின் ஆறு வீரர்களை எடுத்தார். ஒவ்வொரு அணிக்கும் 18 வாரத்தில் ஒரு வாரம் ஓய்வு. அந்த வாரம் அவருடைய ஆறு பேரும் ஒன்றாக வீட்டில் இருந்தார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். இங்கே எங்கள் பக்கத்து ஜெயண்ட்ஸ் ரசிகர்களுக்கு வேறு துக்கம். ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி 2023-ல் ஜெயண்ட்ஸுக்காக 962 யார்டு ஓடினார். போட்டி அணியான ஈகிள்ஸுக்குப் போய் அடுத்த வருடமே 2,005 யார்டு ஓடினார். ஆள் அதே ஆள்தான். முன்னால் நின்று வழி திறந்துவிடும் ஐந்து தடியர்கள்தான் வேறு. போன வருட எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கினால், அந்த ஐந்து பேரைக் கணக்கில் விட்டுவிடுவோம்.

ஒரு திங்கள் இரவு

2024-ல் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரிதான் பெரும்பாலான டிராஃப்டுகளில் முதல் ஆள். முந்தைய சீசனில் ஓடியும் பிடித்தும் 2,023 யார்டு, 21 டச் டவுன். யார்தான் விடுவார்கள்? ஆகஸ்டிலேயே கெண்டைக்கால் வலி என்று செய்தி வந்தது. முதல் வாரம் அவருடைய ஆட்டம் செப்டம்பர் 9, திங்கள் இரவு, ஜெட்ஸுக்கு எதிராக. ஞாயிறு முழுக்க அவர் பெயருக்குப் பக்கத்தில் "சந்தேகம்" என்ற அடையாளம். எங்கள் லீகில் அவரை வைத்திருந்தவர், ஞாயிறு ஆடும் மற்ற ரன்னிங் பேக்குகளையெல்லாம் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, "நாளைக்கு ஆடுவார் பாருங்கள்" என்றார். திங்கள் மாலை, ஆட்டத்துக்குச் சற்று முன் பட்டியல் வந்தது. மெக்காஃப்ரி இல்லை. மாற்றிப்போட அவரிடம் திங்கள் இரவு ஆடும் வேறு ஆளும் இல்லை. பூஜ்யம்.

மெக்காஃப்ரியின் இடத்தில் ஓடியவர் ஜோர்டன் மேசன். 28 முறை பந்தைச் சுமந்து 147 யார்டு, ஒரு டச் டவுன். 20 புள்ளிக்கு மேல். டிராஃப்டில் பல லீகுகளில் அவரைச் சீண்ட ஆளில்லை.

இதில் இரண்டு பாடம். முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கை எடுத்து, அவர் உடம்பில் சந்தேகம் இருந்தால், அதே அணியில் அவருக்கு அடுத்தவரைக் கடைசிச் சுற்றில் எடுத்து வையுங்கள். ஸ்டெப்னி போல. வண்டி ஓடும்வரை வீண் சுமை என்றுதான் தோன்றும். இரண்டாவது, சந்தேகத்தில் இருக்கும் ஆள் தாமதமாக ஆடுகிறார் என்றால், அவரைவிடத் தாமதமாகவோ அதே நேரத்திலோ ஆடும் மாற்று ஆள் பெஞ்சில் இருக்க வேண்டும்.

இதை ஒட்டியே ஒரு சின்ன வித்தை, பல வருடம் ஆடியவர்களும் மறப்பது: வியாழன் இரவு ஆடும் வீரரை ஃப்ளெக்ஸ் இடத்தில் வைக்காதீர்கள். ஃப்ளெக்ஸ் இடத்தில் ரன்னிங் பேக், பந்து பிடிக்கும் வைட் ரிசீவர், டைட் எண்ட் என யாரையும் போடலாம். வியாழனன்று ஆடுகிறவரை அவருடைய சொந்த இடத்திலேயே போட்டுவிட்டு, ஃப்ளெக்ஸைக் கடைசியாக ஆடுகிறவருக்கு விட்டுவைத்தால், ஞாயிறோ திங்களோ ஒருவர் கவிழ்ந்தாலும் எந்த வகை ஆளையும் அங்கே தள்ளலாம். செலவில்லாத காப்பீடு.

காய அடையாளங்களையும் தேதியோடு படிக்க வேண்டும். ஞாயிறு ஆட்டத்துக்கு, புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பயிற்சி அறிக்கை வரும். புதன்கிழமை பயிற்சிக்கு வராத மூத்த வீரர் பெரும்பாலும் ஓய்வில் இருப்பார், பதற வேண்டாம். வெள்ளிக்கிழமையும் வரவில்லை என்றால் அவரை மறந்துவிடுங்கள்.

செவ்வாய் இரவு

யாரும் எடுக்காத வீரர்களைக் கோருவதற்கு வேவர் என்று பெயர். பல லீகுகளில் சீசனுக்கு 100 டாலர் பொய்க்காசு கொடுத்து, செவ்வாய் இரவு மூடிய ஏலம் நடத்துவார்கள். இங்கே நடக்கும் தவறு, டச் டவுனைத் துரத்துவது. ஒருவர் ஞாயிறன்று மூன்று பந்து பிடித்து அதில் இரண்டை டச் டவுன் ஆக்கியிருப்பார். செவ்வாய் இரவு எல்லோரும் அவருக்காகக் கொட்டுவார்கள். அடுத்த வாரம் அவருக்கு அந்த மூன்று பந்தும் வராது. பார்க்க வேண்டியது, ஒருவரை நோக்கி எத்தனை முறை பந்து வீசப்பட்டது என்பதை. பிடித்தாரா, கோட்டைத் தாண்டினாரா என்பதெல்லாம் வாரத்துக்கு வாரம் மாறும். பந்து யாரைத் தேடிப் போகிறது என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

2023-ல் ராம்ஸ் அணியின் பூக்கா நாக்குவா, என்.எஃப்.எல்.-இன் நிஜ டிராஃப்டில் ஐந்தாம் சுற்றில் வந்த புதுமுகம். முதல் வாரம் அவரை நோக்கி 15 முறை பந்து வந்தது. 10 பிடித்தார், 119 யார்டு, டச் டவுன் ஒன்றுகூட இல்லை. டச் டவுன் இல்லையே என்று நான் 11 டாலர் கேட்டேன். சம்பளப் பிரிவு அம்மா 40 கேட்டு எடுத்துப்போனார். சீசன் முடிவில் நாக்குவா 105 பந்து, 1,486 யார்டு. அறிமுக வீரர்களுக்கான இரண்டு சாதனையையும் முறியடித்தார். அந்த 100 டாலரை டிசம்பர்வரை பத்திரப்படுத்துவதும் தவறுதான். செப்டம்பரில் எடுத்த ஆள் பதினைந்து வாரம் உழைப்பார், டிசம்பரில் எடுத்தவர் இரண்டு வாரம்.

பரிமாற்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுடைய ஒரு நல்ல ஆளுக்குப் பதில் இரண்டு சுமாரானவர்களைத் தருகிறேன் என்று யாராவது வந்தால், களத்தில் ஒரு இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லீக் நடத்துகிறவர்கள் செய்யும் தவறு தனி. இறுதிப்போட்டியை 18-ஆம் வாரத்தில் வைப்பார்கள். பிளேஆஃப் இடம் உறுதியான அணிகள் அந்த வாரம் தங்கள் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும்; 17-ஆம் வாரத்தோடு முடித்துக்கொள்வதே நல்லது. அதோடு, ஆட்டம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2023 ஜனவரி 2 அன்று பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின் இதயம் நின்று களத்திலேயே சரிந்தார். பெங்கால்ஸோடு நடந்த அந்த ஆட்டம் பிறகு கைவிடப்பட்டது. அவர் பிழைத்து மீண்டும் ஆட வந்தார். ஆனால் அது பல ஃபேண்டஸி லீகுகளுக்கு இறுதி வாரம். எங்களிடம் எழுதிய விதி எதுவும் இல்லை. இறுதிக்கு வந்த இருவரும் கோப்பையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று அவர்களே சொன்னதால் தப்பித்தோம்.

வீரர்களுக்கு வசைச்செய்தி அனுப்புவது எல்லாவற்றிலும் கேவலமான தவறு. 2007-ல் ஈகிள்ஸின் பிரையன் வெஸ்ட்புரூக் கவ்பாய்ஸுக்கு எதிராக ஒரு யார்டு கோட்டருகே வேண்டுமென்றே விழுந்தார். டச் டவுன் போட்டால் எதிரணிக்குப் பந்து போகும். விழுந்தால் கடிகாரம் ஓடி ஆட்டம் முடியும். அவர் அணி ஜெயித்தது. ஆறு புள்ளி போச்சே என்று புலம்பியவர்களை அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இறங்கி ஆடினால்

ஞாயிறு காலை எங்கள் பூங்காவில் சிலர் ஃப்ளாக் ஃபுட்பால் ஆடுகிறோம். இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினால் ஆள் நின்றார் என்று கணக்கு, மோதல் கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு ஐவராக இதுவும் உண்டு.

நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று கபடியிலிருந்து வருகிறது. பிடிக்க வரும் கையைத் தட்டிவிடுவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. இங்கே பந்தோடு ஓடும்போது நாடாவின் குறுக்கே கையைக் கொண்டுபோனாலே ஃபவுல். எதிர்ப்பக்கம் நிற்கும்போது ஆளின் கண்ணைப் பார்க்காதீர்கள், தோளையும் பார்க்காதீர்கள். இரண்டும் பொய் சொல்லும். இடுப்பைப் பாருங்கள். ஆள் எங்கே போவார் என்பதை இடுப்பு மறைக்காது, நாடாவும் அங்கேதான் இருக்கிறது.

பந்தை மார்பில் வாங்குவது இன்னொன்று. கூரான பந்து, சட்டையில் பட்டுத் தெறிக்கும். மார்புக்கு மேலே வந்தால் இரு கட்டைவிரல்கள் சேர, கீழே வந்தால் சுண்டுவிரல்கள் சேர, உடம்புக்கு முன்னால் விரல்களால் பிடிக்க வேண்டும். பிடித்து அக்குளில் செருகும்வரை கண்ணை எடுக்கக் கூடாது. ஓட வேண்டிய திசையைப் பார்த்துவிட்டுப் பந்தை நழுவவிடுவதுதான் பூங்காவில் நான் அதிகம் பார்ப்பது.

உடல் மோதும் ஆட்டம் ஆடுகிறவர்களுக்குத் தலையைத் தாழ்த்தாதே என்பதுதான் முதல் விதி. குனிந்து ஹெல்மெட்டால் முட்டுவதை என்.எஃப்.எல். 2018-லிருந்து ஃபவுல் ஆக்கியிருக்கிறது. குனிந்தால் அடியின் பாரம் கழுத்தெலும்பில் இறங்கும். நிமிர்ந்த தலை, எதிராளியைப் பார்க்கும் கண், தோளால் மோதல். மோதலே இல்லாத எங்கள் பூங்காவிலும்கூட இருவர் தலை இடித்துக்கொண்டதுண்டு. அப்படி அடிபட்டவர் எழுந்து நின்று "ஒன்றுமில்லை, ஆடலாம்" என்பார். கேட்காதீர்கள். அன்றைக்கு அவருக்கு ஆட்டம் அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்து மரத்தடியில் உட்காரவைத்து, கூட ஒருவர் இருங்கள். குமட்டலோ குழப்பமோ தெரிந்தால் நேரே மருத்துவமனை. வண்டியை அவர் ஓட்டக் கூடாது.