முதல் சுற்றிலேயே லைன்மேனை எடுக்கலாமா? மாக் ட்ராஃப்ட் போடப் பழகுபவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுப்பது ட்ராஃப்ட்; யார் யாரை எடுப்பார்கள் என்று நாமே போட்டுப் பார்ப்பது மாக் ட்ராஃப்ட். அதைப் போட உட்காரும் புதியவர்கள் முதலில் கை வைப்பது பந்தைப் பிடிக்கும் ரிசீவர் மேல்தான். டச்டவுன் போடுபவர் கண்ணில் படுவார். அவருக்குப் பந்து போய்ச் சேர எதிராளிகளைத் தடுத்து நேரம் வாங்கிக் கொடுத்த 140 கிலோ லைன்மேனை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஆளை எப்போது முதல் சுற்றில் எடுக்கலாம் என்று கண்டுபிடிக்கும் வழி இது.

படி 1: ஐந்து பேரையும் எழுதுங்கள்

பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லைனில், இடமிருந்து வலமாக: இடது டேக்கிள், இடது கார்ட், சென்டர், வலது கார்ட், வலது டேக்கிள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வயது, ஒப்பந்தம் முடியும் ஆண்டு, போன சீசனில் ஆடாத ஆட்டங்கள். முப்பதைத் தாண்டியவர், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் முடிபவர், காயத்திலிருந்து திரும்பாதவர் மூவரையும் 'காலி இடம்' என்றே கணக்கில் வையுங்கள். ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 2002-இல் புது அணியாக இறங்கியபோது இடது டேக்கிளுக்கு டோனி போசெல்லியை நம்பியிருந்தது. தோள் காயத்தால் அவர் அந்த அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த சீசனில் புதுமுகக் குவார்ட்டர்பேக் டேவிட் கார் 76 முறை சாக் வாங்கினார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். அதுதான் இன்றும் சாதனை.

படி 2: சாக் யாருடைய தப்பு என்று பிரியுங்கள்

மொத்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். வீடியோவைப் போட்டு, ஸ்னாப் ஆன (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்த) நொடியிலிருந்து ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். இரண்டரை நொடிக்குள் குவார்ட்டர்பேக் விழுந்தால் பெரும்பாலும் லைனின் தப்பு. மூன்றரை நொடி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழுந்தால் குவார்ட்டர்பேக்கைக் கேளுங்கள். அந்த வியாதிக்கு டேக்கிள் மருந்தல்ல.

படி 3: அந்த இடத்தை வேறு எங்கே வாங்கலாம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நல்ல டேக்கிளை எந்த அணியும் லேசில் சந்தைக்கு விடாது. பெரும்பாலும் ஒப்பந்தம் முடியும் முன்பே புதுப்பித்துவிடும். முதல் சுற்றில் எடுத்தவருக்கோ நான்கு ஆண்டு ஒப்பந்தம், அதற்கு மேல் ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமையும் அணிக்கு உண்டு.

டல்லாஸ் கவ்பாய்ஸ் முதல் சுற்று லைன்மேன்களாக 2011-இல் டைரன் ஸ்மித்தை 9-ஆவதாகவும், 2013-இல் டிராவிஸ் ஃப்ரெடரிக்கை 31-ஆவதாகவும், 2014-இல் ஸாக் மார்ட்டினை 16-ஆவதாகவும் எடுத்தது. 2014-இல் பந்தோடு ஓடும் டிமார்கோ மர்ரே அந்த லைனுக்குப் பின்னால் 1,845 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்; 702 யார்டுதான். டல்லாஸில் அவர் இடத்துக்கு வந்த டேரன் மெக்ஃபாடன் 1,089 ஓடினார். ஓடுபவர் மாறலாம், பாதை போடுபவர்கள் இருந்தால் போதும் என்பது எங்கள் கட்சி.

படி 4: ஆளைப் பாருங்கள்

ட்ராஃப்டுக்கு முந்தைய சோதனையில் வரும் 40 யார்டு ஓட்ட நேரத்தை மறந்துவிடுங்கள். லைன்மேன் அவ்வளவு தூரம் ஓடுவது அபூர்வம். முதல் 10 யார்டு நேரம் போதும். 225 பவுண்டு பெஞ்ச் பிரஸ் எண்ணிக்கையும் ஏமாற்றும்: கை நீளமானவர் அதிக தூரம் தூக்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கை குறையும், ஆனால் களத்தில் அந்த நீளம்தான் காப்பாற்றும்.

டேக்கிளுக்குக் கை 33 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது பழைய அளவுகோல். சரியாக 33 இருந்த ரஷான் ஸ்லேட்டர் 2021-இல் 13-ஆவதாகப் போய் இடது டேக்கிளாகவே நிலைத்தார். 32¼ இருந்த பீட்டர் ஸ்கொரான்ஸ்கியை 2023-இல் 11-ஆவதாக எடுத்த டென்னஸி, கார்டாக நிறுத்தியது.

வீடியோவில் பந்தைப் பார்க்காமல் டேக்கிளின் காலை மட்டும் பாருங்கள். ஸ்னாப் ஆனதும் வெளிக்காலைப் பின்னோக்கி உதைத்து வழுக்கிப் போக வேண்டும். இரண்டு பாதமும் ஒட்டக் கூடாது. ஒட்டிய நொடியில் எதிராளி உள்பக்கம் வெட்டிவிடுவார். அடுத்து கை: சீக்கிரம் நீட்டினால் எதிராளி தட்டிவிட்டுப் போவார், தாமதித்தால் டேக்கிள் நெஞ்சில் குத்து வாங்குவார். களைத்த நான்காம் குவார்ட்டரில் இதே காலைத் திரும்பப் பாருங்கள்.

உடம்பை மட்டும் பார்த்து எடுத்ததற்கு 1989 போதும். கிரீன் பே 2-ஆவதாக டோனி மாண்டரிச்சை எடுத்தது. 1, 3, 4, 5-ஆவதாகப் போன நால்வரும் பின்னாளில் தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார்கள், மாண்டரிச் சேரவில்லை. கல்லூரியில் ஸ்டீராய்டு எடுத்ததைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்.

படி 5: எப்போது எடுக்கக் கூடாது

2021-இல் சின்சினாட்டி டேக்கிள் பினே சூவலை விட்டு ரிசீவர் ஜமார் சேஸை 5-ஆவதாக எடுத்தது. சேஸ் முதல் சீசனிலேயே 1,455 யார்டு பிடித்தார், அணி இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போனது. அங்கே குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ 7 சாக் வாங்கி, 23–20-இல் தோற்றது. சேஸை எடுத்தது தப்பில்லை. எங்கள் பார்வையில் நழுவியது இரண்டாம் சுற்று: 46-ஆவதாக எடுத்த லைன்மேன் நிலைக்கவில்லை, 63-ஆவது வரை கிடைத்த சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரி கான்சாஸ் சிட்டிக்குப் போனார்.

சென்டர், கார்ட் இரண்டுக்கும் அந்த இரண்டாம், மூன்றாம் சுற்றே நல்ல இடம். 2011-இல் சென்டர் ஜேசன் கெல்சி 191-ஆவதாகக் கிடைத்தாரே என்று ஆறாம் சுற்றை நம்பி உட்காராதீர்கள், அது லாட்டரி.

படி 6: எடுத்த பிறகு

கல்லூரியில் வலப்பக்கம் ஆடியவரை முதல் நாளே இடப்பக்கம் எழுதாதீர்கள். காலடி முழுக்கத் தலைகீழாகும். டாம்பா பே 2020-இல் ஒரு இடம் முன்னேறி 13-ஆவதாக எடுத்த டிரிஸ்டன் வர்ஃப்ஸை மூன்று சீசன் வலது டேக்கிளாக ஆடவிட்டு, 2023-இல்தான் இடதுக்கு மாற்றியது.