அலுமினியப் பள்ளிக்கூடப் பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

சோமனூர் பக்கம் எங்கள் தறிக்குடோனில் இரண்டு வருஷத்துக்குள் இரண்டு லேப்டாப் போய்விட்டது. இரண்டாவதைக் குப்புறப் போட்டுக் கழற்றிப் பார்த்தேன். விசிறிக்கும் பக்கத்தில் இருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தீக்குச்சி தடிமனுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு, அமுக்கி வைத்த மெத்தை மாதிரி. ட்வீசரால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்தது. தறி ஓடுகிற இடத்தில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். விசிறி வைத்த எதுவும் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். லேப்டாப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

சனிக்கிழமை கூலிக் கணக்கு, பாவு எத்தனை வந்தது, காடா துணி எத்தனை மீட்டர் போனது, இவ்வளவுதான் எங்கள் தேவை. அதற்கு விசிறியே இல்லாத, மூடி போட்டுத் தூக்கிப் போகக்கூடிய ஒன்று போதும். அட்டாலியில் ஏறித் தேடியபோது என் ஆறாம் வகுப்பு அலுமினியப் பெட்டி கிடைத்தது. மூடிக்கு உள்பக்கம் டைம்டேபிள் ஒட்டிய பசை இன்னும் இருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்ததும் அப்பா கேட்டார், "அதென்றா கையில, திரும்பவும் ஆறாங்கிளாஸ் போறியா?"

பெட்டிக்குள் கம்ப்யூட்டர் என்பது விளையாட்டுக் காரியமாகத் தோன்றலாம். ஆனால் கையில் தூக்கும் கம்ப்யூட்டரின் கதையே ஒரு பெட்டியில்தான் தொடங்குகிறது. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 பார்ப்பதற்குத் தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை சுமார் 11 கிலோ, திரை வெறும் 5 இஞ்ச், விலை 1,795 டாலர். அதைக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்ன் திருவண்ணாமலையில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார், 2003-ல் கொடைக்கானலில் இறந்தார். நம்மூரில் ஓடி விளையாடிய பையன் செய்த வேலை என்று அப்பாவிடம் சொன்னேன். பெட்டியைத் திரும்பி ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

ராஸ்பெர்ரி பை 4 (ஒரே போர்டில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர், இனிச் சுருக்கமாகப் பை), 4 ஜிபி ராம் உள்ளது. 2019-ல் வந்த போர்டு, இந்த வேலைக்குத் தாராளம். 2023-ல் வந்த பை 5 இன்னும் வேகம்தான். ஆனால் சூடும் அதிகம், 5 வோல்ட் 5 ஆம்பியர் வரை கேட்கும். விசிறி இல்லாத பெட்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. 10.1 இஞ்ச் எச்டிஎம்ஐ திரை. யுஎஸ்பியில் 5 வோல்ட்டில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட் கேட்பது வேண்டாம். 78 கட்டை உள்ள சின்னக் கீபோர்டு, 20,000 மில்லி ஆம்பியர் அவர் பவர் பேங்க், 32 ஜிபி மெமரி கார்டு, ஆன்டெனா வைத்த யுஎஸ்பி வைஃபை. ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் கடையில் சன்போர்டு (நுரைப் பிளாஸ்டிக் பலகை) 3 மி.மீ.யில் ஒரு துண்டு, 5 மி.மீ.யில் ஒரு துண்டு. கட்டரால் வெட்டலாம், மின்சாரம் கடத்தாது.

பெட்டி வீட்டில் இல்லாதவர்கள் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு சுற்று வாருங்கள். என் பெட்டி உள்ளளவு 14 இஞ்சுக்கு ஒன்பதரை, ஆழம் மூடியோடு சேர்த்து 4. இதைவிடச் சின்னது எடுத்தால் கீபோர்டு உட்காராது. கீலை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள், தகடு நெளிந்திருந்தால் தட்டிச் சரிசெய்யலாம், கிழிந்த கீலை மாற்றுவது தலைவலி.

முதலில் அட்டையில் செய்யுங்கள்

துளை போடும் கருவியை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுங்கள். பை, பவர் பேங்க், கீபோர்டு, திரை, இவை ஒவ்வொன்றின் அளவுக்கும் அட்டைப் பெட்டியை வெட்டி, தடிமனுக்கு அட்டைகளை அடுக்கி ஒட்டி, பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். கேபிள்களுக்கும் இடம் விடுங்கள். எச்டிஎம்ஐ கேபிளின் தலை மட்டுமே கட்டைவிரல் நீளம் வெளியே நீட்டும், வளையவும் வளையாது. நான் கடைசியில் பட்டையான ரிப்பன் எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறினேன். கீல் பக்கம் தினமும் மடங்கி விரிய அதுதான் லாயக்கு.

எடையையும் இப்போதே பாருங்கள். மூடியில் திரை ஏறியதும் பெட்டி மல்லாக்கச் சாயும். பவர் பேங்கை முன்பக்கம், மணிக்கட்டு வைக்கும் இடத்துக்கு அடியில் போட்டால் நிற்கும்.

துளை போடுவது

எல்லாத் துளைகளையும் பெட்டி காலியாக இருக்கும்போதே போட்டு முடியுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் பை செத்தது இதனால்தான். எல்லாம் மாட்டி ஓட வைத்த பிறகு, ஆன்டெனாத் துளை ஒரு நூல் சின்னதாக இருக்கிறதே என்று பெட்டிக்குள் துணியை விரித்துவிட்டு அரத்தால் இரண்டு இழு இழுத்தேன். துணியை எடுத்தேன், ஊதினேன், சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது, பிறகு வரவேயில்லை. கழற்றிப் பார்த்தால் தலைமுடி கனத்தில் ஒரு அலுமினியச் சுருள், போர்டில் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஐஓ பின்களுக்கு நடுவில் குறுக்கே கிடந்தது.

அலுமினியத் தகடு மெல்லிசு. டிரில் பிட் மறுபக்கம் வெளிவரும்போது தகட்டைக் கவ்விக் கிழித்துவிடும். பின்னால் ஒரு ரீப்பர் கட்டையை முட்டுக் கொடுத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, பஞ்ச்சால் ஒரு குழி வைத்து, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு மெதுவாகப் போடுங்கள். பெரிய துளைக்கு, படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட் வாங்கினால் வட்டம் சுத்தமாக வரும். ஓரத்தை அரத்தால் மழித்துவிட்டு, கேபிள் போகிற துளைகளுக்கெல்லாம் ரப்பர் கிராமெட் (துளையின் ஓரத்தில் மாட்டும் வளையம்) போடுங்கள். பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டி, ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் துடையுங்கள்.

பையைத் தலைகீழாக மாட்டுவது

இந்தப் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பையின் பிராசசர் சூட்டைப் பெட்டியின் அடித்தகட்டுக்கே கொடுத்துவிட்டால் விசிறியும் வேண்டாம், காற்றோட்டத்துக்கு ஓட்டையும் வேண்டாம். ஓட்டை இல்லையென்றால் பஞ்சுக்கு வழியில்லை.

பிராசசர் போர்டின் மேல்முகத்தில் இருக்கிறது. ஆகவே போர்டைக் கவிழ்த்து, சிப் தரையைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். யுஎஸ்பி சாக்கெட்டுகள் போர்டிலிருந்து 16 மி.மீ. உயரம் நிற்கும், எனவே போர்டைத் தூக்கி நிறுத்த 18 மி.மீ. பித்தளை ஸ்பேசர் நான்கு. சிப்பின் உயரம் போக மிச்சம் பதினைந்தரை மி.மீ. சொச்சம். அந்த இடைவெளிக்கு 15 மி.மீ. கனசதுரமாக ஓர் அலுமினியத் துண்டு, மேலும் கீழும் சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேட், அரை மி.மீ. திருகை முடுக்கும்போது பேட் அமுங்கிச் சரியாக உட்காரும். ஸ்பேசரும் பேடும் கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். துண்டு வெட்டுவதற்கு முன் வெர்னியரில் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். துண்டு பெரிசாகிவிட்டால் முடுக்க முடுக்கப் போர்டு வளையும், அது ஆபத்து.

கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? கணபதியில் ஒரு பட்டறையில் துண்டுச் சீட்டில் அளவை எழுதி நீட்டினேன். அங்கே இருந்த அண்ணன் சீட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இந்தத் தாயக்கட்டைக்கா பட்டறைக்கு வந்தீங்க?" என்றார். வேண்டாத கட்டையிலிருந்து வெட்டி, ஆறு முகமும் வழவழவென்று எடுத்து, சூடு ஆறுவதற்குள் என் உள்ளங்கையில் வைத்தார். காசு எவ்வளவு என்றதற்கு, "டீக்குக் குடுங்க, போதும்."

பையின் நான்கு துளைகளும் 58-க்கு 49 மி.மீ. செவ்வகம். எம் 2.5 திருகு, தகட்டில் 3 மி.மீ. துளை. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: செவ்வகம் என்பதால் போர்டை நிமிர்த்தி வைத்தாலும் கவிழ்த்து வைத்தாலும் துளைகள் பொருந்தும். ஆனால் கவிழ்த்தால் எச்டிஎம்ஐ, சார்ஜ் சாக்கெட் உள்ள ஓரம் எதிர்ப்பக்கம் போய்விடும். நான் நிமிர்த்தி வைத்துக் குறித்து, கவிழ்த்து மாட்டினேன், கீலைப் பார்க்க வேண்டிய சாக்கெட்டெல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. கவிழ்த்தே வைத்துக் குறியுங்கள். மெமரி கார்டு போர்டின் அடிமுகத்தில் இருப்பதால் இப்போது அது மேலே வந்துவிடும், எடுத்துப் போட வசதி.

அடித்தகட்டில் சிப் துண்டு தொடும் இடம், ஸ்பேசர் நிற்கும் இடங்கள், யுஎஸ்பி சாக்கெட்டுகளுக்கு நேர் கீழே உள்ள இடம், இவற்றைத் தவிர மற்றதெல்லாம் 3 மி.மீ. சன்போர்டால் மூடுங்கள். பெட்டி முழுக்க மின்சாரம் கடத்தும் என்பதை ஒரு நிமிஷமும் மறக்கக் கூடாது. தறி ஓடினால் குடோனே அதிரும், திருகுகள் தானாகக் கழலும். நட்டு முடுக்கிய பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். ஒரு வருஷமாக எதுவும் கழலவில்லை.

பை 4, 80 டிகிரியைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். துண்டு இல்லாமல் மேசையில் வைத்து வீடியோ ஓட்டியபோது அங்கே போய்விட்டது. பெட்டியில் மாட்டிய பிறகு, சித்திரை மாசம், குடோனுக்குள் 38 டிகிரியில், 66 தாண்டவில்லை. பெட்டியின் அடியில் கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும்.

திரையும் மூடியும்

5 மி.மீ. சன்போர்டில் திரையின் அளவுக்கு ஜன்னல் வெட்டி, திரையை அதன் பின்னால் மாட்டி, அந்தச் சட்டத்தை மூடிக்குள் எம் 3 திருகால் பிடியுங்கள். திரைக் கண்ணாடியின் மேல் நேரடியாகத் திருகு அமுங்கக் கூடாது. மூடி அளவோடு நிற்க ஒரு பிடிமானம் வேண்டும். சங்கிலி போட்டுப் பார்த்தேன், கலகலவென்று சத்தம். திருப்பூரில் பனியன் கழுத்துக்கு உள்ளே வைத்துத் தைக்கும் ட்வில் டேப் ஒரு ஜாண் எடுத்து இரண்டு பக்கமும் திருகினேன், சத்தமே இல்லை.

கீபோர்டுக்கு ரீப்பரில் இரண்டு கட்டை பக்கச் சுவரில் வைத்து அதன்மேல் சன்போர்டு தட்டு. இதில் சொல்ல ஒன்றுமில்லை, ஒட்டாமல் திருகுங்கள், நாளைக்குக் கழற்ற வேண்டியிருக்கும்.

கரண்ட்

செல்களை வாங்கி நாமே பேட்டரி கட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. முதல்முறை செய்கிறவர் அந்தப் பக்கம் போகாதீர்கள், அதுவும் உலோகப் பெட்டிக்குள். நல்ல பவர் பேங்க் போதும். 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 74 வாட் அவர். 5 வோல்ட்டாக மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். பையும் திரையும் சேர்ந்து 10 வாட் சொச்சம். ஐந்து, ஐந்தரை மணி நேரம் வரும், எனக்கும் அப்படித்தான் வருகிறது.

பவர் பேங்கில் பைக்குப் போகும் வாய் 5 வோல்ட் 3 ஆம்பியர் தர வேண்டும், திரைக்குத் தனி வாய். இரண்டு வாயும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். திரையின் மூலையில் மின்னல் குறி வந்தால் வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பாதி நேரம் கேபிள்தான் காரணம். ஒரு ஜாண் நீளத்தில் தடிமனான கேபிளாக மாற்றுங்கள். சார்ஜரைச் செருகும் நொடியில் பல பவர் பேங்குகள் ஒரு கண்சிமிட்டு நேரம் கரண்டை நிறுத்தும், பை அணைந்து திரும்ப எழும்பும். வாங்கும்போதே கடையில் போனை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

வைஃபை

அலுமினியப் பெட்டி ரேடியோ அலையை விடாது. பையின் சொந்த ஆன்டெனா போர்டிலேயே இருப்பதால், மூடி திறந்திருந்தாலும் தகட்டை ஒட்டிக் கவிழ்ந்து கிடக்கும் அதற்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பின்சுவரில் ஆறரை மி.மீ. துளை போட்டு ஆன்டெனாவை வெளியே திருகுங்கள். லினக்ஸில் டிரைவர் தனியாக ஏற்ற வேண்டாத யுஎஸ்பி வைஃபையாகக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு ராத்திரி போய்விடும்.

மென்பொருள்

வேறொரு கம்ப்யூட்டரில் ராஸ்பெர்ரி பை இமேஜரை ஏற்றி, மெமரி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் எழுதுங்கள். எல்லாம் அடங்கிய பெரிய பதிப்பை எடுத்தால் லிப்ரே ஆபிஸ் கூடவே வரும், கூலிக் கணக்குக்கு அதில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதும் கால்க் போதும். தமிழ் எழுத்துருவையும், தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ், எம்17என் தொகுப்புகளையும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். வேலை முடிந்ததும் மெனுவில் ஷட்டவுன் கொடுத்து, பச்சை விளக்கு மினுக்குவது நின்ற பிறகே பவர் பேங்கை அணையுங்கள். சட்டென்று பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டுப்போகும். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைச் சாத்தவும் வேண்டாம், வெயிலில் நிற்கும் வண்டியில் பெட்டியை விட்டுப் போகவும் வேண்டாம்.

விமானத்தில் கொண்டு போகலாமா என்று சிநேகிதன் ஒருவன் கேட்டான். பவர் பேங்க் 100 வாட் அவருக்குள் இருப்பதால் கையில் எடுத்துப் போகும் பையில் அனுமதி உண்டு, லக்கேஜில் போடக் கூடாது. ஆனால் ஒயர் தொங்கும் ஒரு தகரப் பெட்டியைப் பீளமேடு விமான நிலையத்தில் ஸ்கேனரில் விட்டுவிட்டுப் பதில் சொல்லும் தெம்பு எனக்கில்லை. போவதாக இருந்தால் பவர் பேங்கைக் கழற்றித் தனியாக வையுங்கள், கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டுங்கள். என் பெட்டி இதுவரை கோவைக்கும் சோமனூருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில்தான் போயிருக்கிறது. கண்டக்டர் ஒருமுறை, "உள்ள என்னங்க, டிபனா?" என்று கேட்டார்.